காட்டுப்பன்றி கேட்பதை விட்ட கதை

அந்தக் காலத்தில், காட்டு மிருகமும் வண்டும் மனிதரோடு ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்தபோது, குளிர்மலையின் ஒரு சரிவில் நஞ்சி என்றொருத்தி தன் கணவன் போசனோடு குடியிருந்தாள். அவர்களுடைய முதல் வீட்டை ஒரு மழை மண்ணோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. கூடவே இரண்டு எருமைகளும் போயின. அதற்குப் பிறகு நஞ்சிக்கு எதன்மேலும் நம்பிக்கை இல்லை. மழைமேல் இல்லை, மண்மேல் இல்லை, போசன்மேல்கூட அரைகுறைதான்.

புது வீடு கட்டியதும் வாசல் சரிவு முழுக்க அவள் புல் வளர்த்தாள். ஓடைக்கரையிலிருந்து புல்லை மண்ணோடு பாளம் பாளமாகப் பெயர்த்து, கூடையில் சுமந்து வந்து, இடைவெளி விடாமல் பதித்துக் காலால் மிதித்தாள். காலையில்தான் தண்ணீர் விடுவாள். மாலையில் விட்டால் அந்த ஈரத்தை உறைபனி பிடித்துக்கொள்ளும். மூன்று விரல் உயரம் விட்டுத்தான் அறுப்பாள்; ஒட்ட அறுத்தால் குளிர் வேருக்கு இறங்கிவிடும். இரண்டே வருடத்தில் சரிவு பச்சைக் கம்பளி போர்த்தியது போல ஆனது. மழை வந்தது. ஒரு பிடி மண் நகரவில்லை.

ஆனாலும் அவள் கண் சும்மா இருக்கவில்லை. தை மாதத்துக் காலையில் பனி உறைந்த புல்லை மிதித்தால் தாள் ஒடிந்து, கால் பட்ட இடம் கறுத்துப்போகும். அப்படி நான்கு தடங்களைப் பார்த்தவள், போசனை உட்கார வைத்து அவன் பாதத்தை அளந்தாள்.

“விறகெடுக்கக் குறுக்கே போனேன்,” என்றான்.

“எதற்குக் குறுக்கே போகணும்?” என்று ஒரு வாரம் கேட்டாள்.

சித்திரையில் முதல் கோடைமழை பெய்த மறுநாள் அந்தியில் ஒரு செவ்வண்டு வந்து வேலியில் உட்கார்ந்தது. நஞ்சி துடைப்பத்தைத் தூக்கினாள்.

“அடிக்கிறதானால் அடி அக்கா. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். காட்டுப்பன்றி மேட்டில் நின்று உன் புல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கென்னவோ அது நல்லதாகப் படவில்லை.”

நஞ்சி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். தன்னைப் போலவே சந்தேகப்படுகிற ஒரு ஜீவனை அவள் அதுவரை கண்டதில்லை. இருவரும் இருட்டும்வரை பேசினார்கள். முயலை நம்ப முடியாது, காக்கையை நம்ப முடியாது, போசன்மேலும் ஒரு கண் வைப்பது நல்லது. கிளம்பும்போது வண்டு கேட்டது: “என் முட்டைகளை உன் புல்லுக்கடியில் வைத்துக்கொள்ளட்டுமா அக்கா? வெளியே யாரை நம்பி வைப்பது?”

“வை,” என்றாள் நஞ்சி. அவள் வாழ்நாளில் யோசிக்காமல் சொன்ன ஒரே சொல் அதுதான்.

ஆவணியில் புல்லில் அங்கங்கே பழுப்புத் திட்டு விழுந்தது. தண்ணீர் விட்டும் பச்சை திரும்பவில்லை; சாம்பல் தூவியும் திரும்பவில்லை. முயல் மூத்திரம் பெய்கிறதா? போசன் உப்புத் தண்ணீர் எதையாவது கொட்டினானா? நஞ்சி கதவிடுக்கில் கண்ணை வைத்துக் காவல் இருந்தாள். “நான்தான் சொன்னேனே, பன்றிதான்,” என்றது வண்டு.

புரட்டாசியில் ஒரு காலை பன்றியே வேலிக்கு வெளியே வந்து நின்றது. அப்போதெல்லாம் பன்றிக்கு முயலைப் போல மெத்தென்ற கூர்மூக்கு. எதையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்கும்.

“அம்மா, உங்கள் புல்லுக்கடியில் வேர்ப்புழு இருக்கிறது. மேடுவரை வாசனை வருகிறது. ஒரு பொழுது உள்ளே விடுங்கள், தின்றுவிட்டுப் போகிறேன்.”

“புழுவைத் தின்ன வந்தாயா, என் சரிவைப் பெயர்க்க வந்தாயா?”

“இரண்டும்தான். பெயர்க்காமல் எப்படித் தின்பது? நம்பாவிட்டால் அந்தப் பழுப்பில் ஒரு பிடி இழுத்துப் பாருங்கள். வேர் இருந்தால் கையோடு வராது.”

போசன் பின்னாலிருந்து, “இழுத்துத்தான் பாரேன், அதிலென்ன குறைந்துவிடப் போகிறது?” என்றான்.

நஞ்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள். எப்போது கூடிப் பேசினார்கள்? அன்று இவன் குறுக்கே போனது இதற்காகத்தானா?

“இரு, வருகிறேன்,” என்று உள்ளே போனாள். வேலிப் படலைத் திறக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துப் பன்றி மூக்கை நீட்டியது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைநீரைப் பானையோடு கொண்டுவந்து அந்த மூக்கின்மேல் ஊற்றினாள்.

பன்றி அலறவில்லை. வெந்த மூக்கை மண்ணில் ஒருமுறை அழுத்தியது. பிறகு திரும்பிக் காட்டுக்குள் போனது.

“கேட்டுத்தானே வந்தது,” என்றான் போசன். அன்று அவன் சாப்பிடவில்லை.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் மதியம் நஞ்சியின் கண்ணெதிரே புல் முழுதும் சுருட்டிய பாய் போலக் கழன்று சரிந்தது. பின்னாலேயே மண் கிளம்பியது. போசன் அவள் கையைப் பற்றி மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். எருமைக் கொட்டில் போனது, வீட்டில் பாதி போனது. மழை நின்றதும் இறங்கிப் பார்த்தார்கள். புல்லின் அடியில் ஒரு வேர்கூட இல்லை. சேற்றில் கட்டைவிரல் பருமனில், வெள்ளை வெள்ளையாய்ச் சுருண்டு புழுக்கள் ஆயிரக்கணக்கில் நெளிந்தன. நஞ்சி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டின் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஒரு கூடை கிழங்கோடு காட்டோரம் போனாள். பன்றி அங்கே படுத்திருந்தது. புண் ஆறி, மூக்கின் நுனி தட்டையாகிக் கெட்டிப்பட்டிருந்தது.

“தப்பு என்னுடையது. இனி படலைத் திறந்தே வைக்கிறேன், வா.”

பன்றி அவளைப் பார்த்தது.

“ஒரு வார்த்தை பேசு,” என்று பொழுது சாயும்வரை நின்றாள். பேச்சு மறந்துபோயிற்றா, பேச மனமில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கிழங்கை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மீண்டும் புல் பதித்தார்கள். அடுத்த வருடம் ஒரு காலை கதவைத் திறந்தால் திறந்த படல் அப்படியே இருக்க, வேறு பக்கம் வேலி உடைந்திருந்தது. புல் உழுதது போலக் கிடந்தது. புழு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“தின்ன வந்ததா, பழி தீர்க்க வந்ததா?” என்றாள் நஞ்சி.

“தெரியாது. அந்தப் பாளத்தை எடு,” என்றான் போசன். இருவரும் குனிந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பதித்து மிதித்தார்கள்.

அன்று முதல்தான் பன்றியின் மூக்கு தட்டையாக இருக்கிறது. அன்று முதல்தான் அது யார் வாசலிலும் நின்று கேட்காமல் புல்தரையைக் கிளறிப் போடுகிறது. குளிர்மலையில் வீட்டு முன்னால் புல் வளர்ப்பவர்களும் விடிந்ததும் பன்றியைத்தான் திட்டுகிறார்கள், செவ்வண்டை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.