கூமுட்டைக்குளத்தார் புண் தேடிய கதை

கூமுட்டைக்குளத்தில் ஒருநாள் தண்டோரா போட்டார்கள். யாரும் எதையும் பேசலாம், ஆனால் அடுத்தவர் மனம் புண்படப் பேசினால் ஊர்விலக்கு. ராஜா உத்தரவு. பேசுகிற சுதந்திரம் வந்துவிட்டதே என்று ஊரே கட்டிப்பிடித்துக்கொண்டது.

அன்று மத்தியானம் ஊர்த்தலைவர் வெயிலுகந்தான் வீட்டில் விருந்து. பிச்சைக்கனி ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அண்ணாச்சி, பாத்திரம் கழுவுன தண்ணியை எதுக்குச் சூடு பண்ணுனீங்க?" என்று கேட்டான்.

தலைவர் எழுந்தார். "என் மனசு புண்பட்டுட்டு."

உடனே பஞ்சாயத்து கூடியது. சாதாரண விஷயமா? புண் எங்கே என்று பார்க்க வேண்டாமா?

"மனசு நெஞ்சுலதான் இருக்கும்," என்றார் ஒருவர்.

"குத்தம் ரசத்தைப் பத்தினது. அப்ப மனசு வயித்துலதான்," என்றார் இன்னொருவர்.

சண்டை வேண்டாமென்று வைத்தியர் தலைவரின் சட்டையைக் கழற்றிச் சுற்றிலும் தேடினார். முதுகில் பழுத்த கட்டி ஒன்று அகப்பட்டது.

"அது போன வாரமே வந்த கட்டியாச்சே," என்றான் பிச்சைக்கனி.

"அப்ப போன வாரமே நீ ரசத்தைப் பத்தி நினைச்சிருக்க," என்றார் வைத்தியர். இந்த மூளையை வைத்துக்கொண்டு மனிதர் எப்படித்தான் தூங்குகிறாரோ.

பிச்சைக்கனி எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டான். "நாளைக்கு எம் மகளைப் பொண்ணு பாக்க வாராங்க. என்னை ஊரை விட்டுத் தள்ளுனா அவங்களை எங்க உக்கார வைப்பேன்?"

யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோருக்கும் வேறு யோசனை வந்துவிட்டது. ஒரு புண் இருந்தால் பிடிக்காதவனைத் துரத்தலாமே! ஒருவன் பித்தவெடிப்பைக் காட்டிப் பங்காளியைத் துரத்தினான். மருமகள் கொசுக்கடியைக் காட்டி மாமியாரைத் தள்ளினாள், மாமியார் சுட்ட விரலைக் காட்டி மருமகளைத் தள்ளினாள். புண் இல்லாத பாவப்பட்டவர்கள் சொறிந்து வரவழைத்தார்கள். வைத்தியரிடம் களிம்பு கேட்டு ஒருத்தரும் போகவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊர் மொத்தமும் எல்லைக்கு வெளியே புளியமரத்தடியில். உள்ளே தலைவர் மட்டும்.

"இனிமே எவன் என்னைப் புண்படுத்துவான்னு பாப்போம்," என்றார் சத்தமாக. சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தால் புண். பேசினதும் அவர், புண்பட்டதும் அவர். நியாயவானல்லவா, மூட்டையைக் கட்டிக்கொண்டு அவரும் புளியமரத்தடிக்கு வந்து சேர்ந்தார்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "ஏன் எல்லாரும் இங்க இருக்கீங்க? ஊர் அங்கல்லா இருக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பிச்சைக்கனி அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். இத்தனை பேரும் இந்தப் பக்கம். ஊர் மட்டும் தன்னந்தனியாக அந்தப் பக்கம். அவனுக்கு உயிர் வந்தது.

"அண்ணாச்சி, விலக்குனது நம்மளை இல்ல. ஊர்விலக்குன்னா ஊரைத்தானே விலக்கிருக்கோம்!"

"பின்ன?" என்றார் தலைவர், வீங்கிய நாக்கோடு.

பிச்சைக்கனி பாயை விரித்தான். "உக்காருங்கய்யா. ஊர் வந்து மன்னிப்புக் கேக்கட்டும், வீட்டுக்குப் போயிரலாம்."

மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஊரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கவலையோடு கேட்டார்:

"அதுக்கு இங்க வர வழி தெரியுமா?"