கட்டாமலே இடிஞ்ச கழிப்பறை

அதுவா? அந்தச் சுவத்துல ரெண்டாவதா இருக்கற கல்வெட்டைத்தானே கேக்கறீங்க? "புதுப்பிக்கப்பட்ட கழிப்பறைகள், துணைவேந்தர் அவர்களால் திறந்துவைக்கப்பட்டன." ஆமா, கழிப்பறைக்குத்தான். சிரிக்காதீங்க, அதுக்குள்ள ஒரு புதிர் இருக்கு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

இந்த மகளிர் விடுதியைத் திறந்தப்போ தேர்தல் தேதி அறிவிக்க ஒரு வாரம்தான் பாக்கி. அவசர அவசரமா ரிப்பன் வெட்டி, முதல் கல்வெட்டைப் பதிச்சுட்டாங்க. ரெண்டாவது மாடியில அறை இருக்கு, கதவு இருக்கு, ஃபேன்கூட சுத்துது. கழிப்பறைன்னு பிளான்ல போட்ட இடத்துல மட்டும் நாலு சுவரும் ஒரு குவியல் மணலும். காண்ட்ராக்டர் முழு வேலைக்கும் பில் போட்டுப் பணம் வாங்கிட்டுப் போயிட்டார்.

அப்புறமா கட்டிக்க வேண்டியதுதானேன்னா, முடியாது. எண்பத்திமூணுல சிண்டிகேட், அதான் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, போட்ட தீர்மானம் ஒண்ணு இருக்கு. திறப்புவிழாக் கல்வெட்டு வெச்சாச்சுன்னா அது முடிஞ்ச கட்டடம். பழுதுபார்க்கலாம், புது வேலை கிடையாது. ஒரே கட்டடத்தை வருஷா வருஷம் கட்டிக்கிட்டே இருந்தவங்களைத் தடுக்கப் போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனா இல்லாததை எப்படிப் பழுதுபார்க்கறது?

வார்டன் ஜெசிந்தா மேடம் தாவரவியல் பேராசிரியை. அந்த மாடிக்கு ஒரு பொண்ணையும் அனுப்ப மாட்டேன்னு பூட்டுப் போட்டாங்க. அப்ப இருந்த இன்ஜினியரைக் கையோட கூட்டிட்டுப் போய்க் காட்டி, "இங்கு கழிப்பறை கட்டப்படவே இல்லை"ன்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஃபைல்ல சேர்த்தாங்க. பதினேழாம் பக்கம். அடுத்த வருஷமே அந்த இன்ஜினியர் மாரடைப்புல போயிட்டார். நாலு வருஷம் ஃபைல் மேஜை மேஜையா சுத்துச்சு, ஒரு செங்கல் வரலை. கீழ மூணு பேர் தங்கற அறையில ஆறு பொண்ணுங்க. விடியக்காலை அஞ்சு மணிக்கே கையில வாளியோட வரிசை. மாசத்துல மூணு நாள் கிளாஸுக்கே போகாத பொண்ணுங்களும் உண்டு.

அந்த ஃபைலை வெச்சிருந்தவர், கட்டடங்களைப் பார்த்துக்கற எஸ்டேட் பிரிவு சூப்பிரண்ட் அழகர். முப்பத்தோரு வருஷ சர்வீஸ், ஒரு மெமோ வாங்கினதில்லை. ரிட்டயராக எட்டு மாசம். அவர்கிட்ட புது இன்ஜினியர் தெய்வசிகாமணி வந்தார்.

"அழகரண்ணே, இந்த ஃபைலை நான் முடிச்சுக் காட்டட்டா?"

"எப்படிப்பா?"

"கழிப்பறை இருந்துச்சு, இடிஞ்சுபோச்சு, பழுதுபார்க்கணும். ஃபைல்ல எழுதவேண்டிய நோட்டு இவ்வளவுதான்."

"கட்டவே இல்லையேப்பா, எப்படி இடியும்?"

"இந்த கேம்பஸ்ல கட்டினதெல்லாம் இடியுது. கட்டாதது இடியக்கூடாதாண்ணே?"

அழகருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "சரி, ஏன் இடிஞ்சுதுன்னு காரணம் கேப்பாங்களே?"

"நாலு வருஷம் பூட்டியே கிடந்ததால. யார் பூட்டினதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

சிரிப்பு நின்னுபோச்சு. "பதினேழாம் பக்கம் இருக்கே."

"எடுத்துருங்க. எடுத்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. மனசு வரலைன்னா விட்டுருங்க, பொண்ணுங்க வாளியோட நிக்கட்டும்."

ரெண்டு நாள் அழகர் அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை. ஒரு கண்ணுல அந்த வரிசை, இன்னொரு கண்ணுல அந்த மேடம். மூணாம் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல, பதினேழாம் பக்கத்தைக் கிழிச்சு டீ கப்போட சேர்த்துக் குப்பைக்கூடையில போட்டார். சிவப்பு மையில பக்க எண்ணை எல்லாம் மாத்திப் போட்டார். நோட்டுல ஒரு எழுத்துகூடத் திருத்தாம கையெழுத்துப் போட்டார்.

நாப்பதே நாள்ல கழிப்பறை வந்துச்சு. கட்டினது அதே காண்ட்ராக்டர். கல்வெட்டு, மாலை, பல்கலைக்கழகப் பொன்விழா மலர்ல போட்டோ எல்லாம் ஆச்சு. அறுபது பொண்ணுங்க மேல குடிபோனாங்க. அதே வாரம் ஜெசிந்தா மேடத்துக்கு ஒரு மெமோ: பயன்பாட்டில் இருந்த கழிப்பறைகளை நாலு வருஷம் பூட்டிப் பாழாக்கியது ஏன்?

மேடம் நேரா அழகர்கிட்ட வந்தாங்க. "சூப்பிரண்ட் சார், பதினேழாம் பக்கத்தைக் காட்டுங்க."

காட்டினார். அதுல ஏதோ சிமென்ட் ரசீது இருந்துச்சு. மேடம் மாத்திப் போட்ட அந்தச் சிவப்பு மை எண்ணை விரலால தடவிப் பார்த்தாங்க.

"மேடம், மேல தண்ணி நல்லா வருது மேடம்."

"தெரியும் சார். காலையில நான்தான் குழாயைத் திறந்து பார்த்தேன். முன்னாடி அங்க ஒண்ணும் இல்லைன்னு விசாரணையில வந்து சொல்வீங்களா?"

அழகர் ஃபைலை மூடி நாடாவைக் கட்டினார். மேடம் போயிட்டாங்க. விசாரணையில வார்டன் பொறுப்பு போச்சு, ரெண்டு இன்கிரிமென்ட் போச்சு. பல்கலைக்கழகத்தோட ஆவணத்துல இன்னிக்கும் அவங்கதான் குற்றவாளி.

இப்ப சொல்லுங்க. உண்மையை எழுதியும் ஒரு குழாய்கூட வரவைக்க முடியாத ஜெசிந்தா. பொய்யை எழுதித் தண்ணி கொண்டுவந்த தெய்வசிகாமணி. பொண்ணுங்களுக்காகன்னு பக்கத்தைக் கிழிச்ச அழகர். இதுல யார் செஞ்சது சரி?

தண்ணி வந்துச்சே, அதனால பொய் சரிதான்னுதான் எல்லாரும் சொல்றாங்க. சரி, பொய்யைக்கூட மன்னிச்சுடலாம். ஆனா இடிஞ்சதுக்கு ஒரு காரணம் எழுதணும்ல? "மட்டமான கட்டுமானம்"னு எழுதியிருந்தாலும் பழுதுபார்க்க உத்தரவு வந்திருக்கும். தண்ணியும் இதே மாதிரி வந்திருக்கும். மாட்டியிருப்பது காண்ட்ராக்டரா இருந்திருக்கும். மேடத்தை மாட்டிவிட்டாத்தான் பொண்ணுங்களுக்குக் கழிப்பறைங்கற கட்டாயமே அங்க இல்லை. தெய்வசிகாமணி தெரிஞ்சேதான் அப்படி எழுதினார். அழகர் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு, "பூட்டியே கிடந்ததால"ங்கற அந்த ஒரு வரியை அடிக்காம விட்டார். மேடம் செஞ்சதுதான் சரி. மத்த ரெண்டு பேரையும் நினைச்சா எனக்கு... என்னது? ஆங், கேக்குது, வர்றேன்பா! யுனிவர்சிட்டி பஸ்ஸை எடுக்கறாங்களாம், நான் கிளம்பறேன்.