பந்தியில் எடுத்த படம்

"நான் பொய் சொல்லலையேம்மா. கண்ணால பார்த்ததைத்தான் போட்டேன்" என்றான் சபேசன்.

உமையாள் அம்மையார் உலையில் அரிசி களைந்து போட்டுக்கொண்டிருந்தார். அவனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மடத்துக்குத் தலைவி, அவனுக்குக் குரு.

மடத்து அன்னதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரிமாறுகிறவன் இலையைப் பார்க்கலாம். சாப்பிடுகிறவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பல வருஷமாகப் பரிமாறும் சபேசனுக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் செவந்தி என்ற பெண் இலைச் சோற்றை அள்ளிப் பைக்குள் ஒளித்ததைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. போனில் படம் பிடித்தான். 'அன்னதானத்திலும் திருட்டு' என்று எழுதி இணையத்தில் போட்டான்.

பொழுது சாய்வதற்குள் ஊரே காறித் துப்பியது. துணிக்கடையில் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் பந்திக்கு வருவதும் நின்றது.

பிறகு யாரோ எழுதினார்கள், அந்தச் சோறு படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவள் புருஷனுக்கு என்று. அவ்வளவுதான். அதே கூட்டம் சபேசன் மேல் பாய்ந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

"என்னை யாருன்னே தெரியாதவங்க திட்டுறாங்கம்மா. என் பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறா. நான் கெட்டவன் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. அதை வீடியோ எடுத்துப் போட்டுடுறேன்."

அம்மையார் சோறு வடித்தார். தூக்குவாளியில் நிரப்பி அவனிடம் நீட்டினார்.

"செவந்தி வீட்டுல குடுத்துட்டு வா."

"என்னன்னு சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

போனான். சோறு கொண்டுபோகும் வேலைதான். இருந்தும் அவள் தெருவுக்குள் நுழையக் கால் கூசியது. வெட்கமாக இருந்தது.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பாயில் ஒருவர் அசையாமல் கிடந்தார்.

செவந்தி வாசலுக்கு வந்தாள். சோற்றைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டைப் பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த போனைப் பார்த்தாள்.

தூக்குவாளியின் பிடியில் தானும் ஒரு கை வைத்தாள். தானம் வாங்குகிறவர்கள் படத்துக்கு நிற்பதுபோல் நேராக நின்றாள்.

"எடுத்துக்கோங்க சார்" என்றாள். "அவரு மூஞ்சி மட்டும் விழாம பாத்துக்கோங்க."