மூன்று முறை இருமிய அமைச்சர்

மழையும் வெயிலும்கூடத் தங்களைக் கேட்டுத்தான் வர வேண்டும் என்று அரசர்கள் நினைத்திருந்த காலம் அது. அப்போது தேன்மலை நாட்டைத் திண்தோள்மாறன் என்றோர் அரசர் ஆண்டுவந்தார். அவருடைய கோட்டைக் காவல் பேர்போனது. யார் வந்தாலும், "நில்! எங்கிருந்து வருகிறாய்? உன்னை அறிந்தவர் யார்?" என்று கேட்காமல் உள்ளே விடமாட்டார்கள். வேட்டையாடிவிட்டுச் சேறும் சகதியுமாகத் திரும்பிய அரசரையே ஒருமுறை நிறுத்திக் கேட்டுப் பரிசும் வாங்கினார்கள்.

ஒரு மார்கழியில் அரசர் மனத்தில் ஓர் எண்ணம் புகுந்தது. அவையில் இருமுகிறவர்கள் எல்லாரும் தம்மைக் கொல்லச் சைகை காட்டிக்கொள்கிறார்கள்! பனிக்காலத்தில் யாருக்குத்தான் இருமல் வராது? சேனாதிபதி இருமினார், சிறைக்குப் போனார். தொண்டையைச் செருமிய பாடகரும் பின்னாலேயே போனார். அரசரோ தூக்கமின்றி, கண்கள் குழிவிழுந்து, சோற்றைத் தொடவும் பயந்து உட்கார்ந்திருந்தார்.

அமைச்சர் அறவாழிக்கு அதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பிரதானி கொடுமுடியாருக்கோ கொண்டாட்டம். அமைச்சர் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"அரசே, தாங்கள் நினைத்தது அப்படியே உண்மை. அந்தச் சங்கேதத்தையே நான் கண்டுபிடித்துவிட்டேன்!" என்றார் அவர். "ஒருமுறை இருமினால், ஆள் தயார். இரண்டு முறை என்றால், கத்தி தயார். மூன்று முறை என்றால், இன்றே அரசரை முடித்துவிடு!"

அந்த நேரம் பார்த்தா அறவாழிக்குத் தொண்டை அரிக்க வேண்டும்? அடக்கிப் பார்த்தார். மீசை துடித்தது, கண்ணில் நீர் முட்டியது. லொக்கு, லொக்கு, லொக்கு!

"மூன்று!" என்று துள்ளினார் கொடுமுடியார்.

"பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விடும்!" என்று கத்தினார் அரசர்.

"உத்தரவு அரசே. வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொள்ளலாமா?"

"கட்டிக்கொண்டு தொலையும்!"

அறவாழி நேரே அடுக்களைக்கு, சமையற்காரனிடம் போனார். "வீரமுத்து, பொடிக்கு வரமிளகாயை வறு. தாராளமாகப் போடு. அவைப் பக்கத்துக் கதவு திறந்தே இருக்கட்டும்" என்றார்.

நெடி கிளம்பியது பாருங்கள்! காவலர் இருமினார், சாமரம் வீசியவள் இருமினாள். கடைசியில் சிம்மாசனத்திலிருந்தே சத்தம் வந்தது. லொக்கு, லொக்கு, லொக்கு!

கட்டுச்சோற்று மூட்டையுடன் உள்ளே வந்தார் அறவாழி. "பிரதானியாரே, அரசர் மூன்று முறை இருமினார். அதன் பொருளை அவைக்குச் சொல்லும்."

கொடுமுடியார் வெளிறிப்போனார். "அது... அது வெறும் மிளகாய் நெடி..."

"ஓஹோ! நான் இருமினால் சதி, அரசர் இருமினால் நெடியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார் கொடுமுடியார். நெடி உள்ளே புகுந்தது. அவர் இரும, அவையே வாய்விட்டு எண்ணத் தொடங்கியது. "ஒன்பது! பத்து! பதினொன்று!"

வெகுநாளுக்குப் பிறகு அரசர் சிரித்தார். சட்டென்று முகம் வாடியது. "அறவாழி, இந்த மிளகாயே உம் சதிதான் என்று இப்போதும் தோன்றுகிறதே."

"மிளகாய் என் வேலைதான் அரசே, மன்னிக்க வேண்டும். தோன்றுவது தங்கள் குற்றமில்லை. நம் கோட்டை வாசலில் கீரைக்காரியைக்கூட நிறுத்திக் கேட்கிறோம். இந்த எண்ணத்தை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் சிம்மாசனத்தில் உட்காரவைத்துவிட்டீர்களே!"

"கேட்டும் அது போகாவிட்டால்?"

"என்னைக் கூப்பிடுங்கள். இருவருமாகக் கேட்போம்."

அன்றே சிறைக்கதவு திறந்தது. அறவாழியின் கட்டுச்சோற்றை அரசரே பிரித்துச் சாப்பிட்டார். கொடுமுடியாருக்கு மிளகாய் வறுக்கும் பொறுப்பு கிடைத்தது. இருமலின் பொருளை அங்கேயே ஆராயட்டும் என்று உத்தரவு.

சில நாள் கழித்து அவையில் சேனாதிபதி இருமினார். அரசரின் கை வாளுக்குப் போனது. அரசர் கண்ணை மூடி, "நில். எங்கிருந்து வருகிறாய்?" என்று முணுமுணுத்தார். பிறகு கை மெல்ல இறங்கியது.

"யாரங்கே! சேனாதிபதிக்குச் சுக்குக் கஷாயம் கொண்டு வாருங்கள். எனக்கும் ஒரு குவளை." கொஞ்சம் யோசித்தார். "என்னுடையதை முதலில் அறவாழி குடித்துப் பார்க்கட்டும்."

அறவாழி சிரித்துக்கொண்டே குடித்தார். சுக்கின் காரம் தொண்டையில் ஏறி, அடுக்கடுக்காக இருமினார்.

அரசர் எண்ணவில்லை. குவளையை வாங்கி மிச்சத்தைக் குடித்தார்.