பாதிக் கூரைக்கு வெள்ளை

ஒரு ஊர்ல ஒரு மாதம்மா இருந்தா, தருமபுரிப் பக்கம். வீட்ல அவளும் அவ புருஷன் சென்றாயனுமா மனுஷங்க ரெண்டு பேரு, பட்டுப்புழு இருபதாயிரம்! ம் சொல்லு.

"ம்."

புழுவுக்குன்னு தனியா ஒரு நீளக் கொட்டாய், மேல சிமெண்டு ஷீட்டு. பட்டுப்புழு கூடு கட்டுறதுக்குள்ள நாலு தடவை தூங்கும், தலையைத் தூக்கிக்கிட்டு, அசையாம, திங்காம. அப்போ அதை ஆட்டக்கூடாது. சூடு அடிச்சா செத்தே போயிடும். போன ரெண்டு தடவையும் வெயில்ல அத்தனையும் போச்சு. அதனால சென்றாயன், "இதுவும் போச்சுன்னா மல்பெரித் தோட்டத்தைப் புடுங்கிப் போட்டுட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிடுவேன். நீ உங்கம்மா வீட்டுக்குப் போ"ன்னுட்டான். வாய் கூசாம சொல்லிட்டான் பாரு!

அப்புறம் சித்திரை வெயில் வந்துச்சு. புழு நாலாவது தூக்கத்துக்குப் போன அன்னிக்கு, கொட்டாய்க்குள்ள தெர்மாமீட்டர் முப்பத்தஞ்சு காட்டுது. மாதம்மா ஷீட்டு மேல ஈரச்சாக்கைப் போட்டா. சொய்ய்ய்! அரை மணியில காஞ்சுபோச்சு. அப்புறம் ஃபேனைப் போட்டா. டர்ர்ர்ருன்னு அது அனலையே வாரி அடிச்சுது. முப்பத்தாறு. சென்றாயன் வாசல்ல உக்காந்துக்கிட்டு, "நான் சொன்னேன்ல"ன்னான். ஒரு கை குடுக்க மாட்டான், சொல்ல மட்டும் வருவான்.

அப்புறம் அவ கடைக்கு ஓடி ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கிட்டு வந்தா. கூரைக்கு வெளிப்பக்கம் அடிக்கிறது அது. கருத்த ஷீட்டு வெயிலைக் குடிச்சுக் கீழ கக்கும். இந்த வெள்ளை, வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பிடும்.

"ம்... பொழச்சுதா?"

இரு, அவசரம். பெயிண்ட் பத்தல, கடையில இருந்ததே அந்த ஒரு டப்பாதான்! ரெண்டு கோட் அடிச்சாத்தான் கேக்கும், இருக்கறது பாதிக் கூரைக்குத்தான் வரும். "மெலிசா முழுசுக்கும் இழுத்து விடு"ன்னான் சென்றாயன். "அரைகுறையா அடிச்சு எல்லாத்தையும் சாகடிக்கவா? பாதியே போதும்"னா அவ.

எந்தப் பாதி? புழுத் தட்டெல்லாம் கொட்டாயோட ஒரு பாதியிலதான் இருக்கு, மறுபாதி காலி. புழு இருக்கற பக்கம் ஏறினா ஷீட்டு அதிரும், பெயிண்ட் வாடையும் இறங்கும். புழுவுக்கு வாடையே ஆகாது, தலையில பூ வெச்சுக்கிட்டுக்கூட உள்ள போக மாட்டா அவ. அதனால மறுநாள் விடிஞ்சதும் காலியாக் கெடந்த பக்கத்து மேல பலகையைப் போட்டு, குப்புறப் படுத்துக்கிட்டே அடிச்சா. கால் தவறி ஷீட்டுல பட்டா படார்! உள்ளதான் விழுவா. பட்டுச்சா? படல.

பெயிண்ட் காஞ்சதும் கொட்டாய் நடுவுல தார்ப்பாயைத் தடுப்பாக் கட்டினா. உச்சி வெயில்ல பாத்தா, ஒரு பக்கம் முப்பத்தெட்டு, வெள்ளை அடிச்ச பக்கம் முப்பத்திரெண்டு. ஆனா புழு எந்தப் பக்கம் இருக்கு?

"சூட்டுப் பக்கம்..."

ஆமாடி கண்ணு. தூக்கம் கலையாம இருபத்திரெண்டு மூங்கில் தட்டை இந்தப் பக்கம் கொண்டு வரணும். ஒரு ஆளால ஆகாது. மாதம்மா சென்றாயனைப் பாத்தா. அவன் எந்திரிச்சு வந்து தட்டோட மறுமுனையைப் பிடிச்சான்.

"மெல்ல"ன்னா மாதம்மா.

"நீ மெல்ல."

ஒரு அடி... இன்னொரு அடி... வேர்வை புழு மேல சொட்டிடப் போவுதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டே நடந்தாங்க. பதினேழாவது தட்டுல அவன் கால் தடுக்கி, டக்! ரெண்டு பேரும் தட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நல்லவேளை, தட்டு சாயல.

சாயங்காலம் புழு முழிக்கணும். உசுரோட இருந்தா முழிக்கும், முழிச்சா பசிக்கும். மாதம்மா புழு திங்கற மல்பெரித் தழையைத் தட்டுல பரப்பிட்டு காதை வெச்சா. சத்தமே இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் பாத்தா. சத்தமே இல்ல. கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு அவளுக்கு. அப்போ ஒரு மூலையில, சர்... அப்புறம் இன்னொரு தட்டுல, சர் சர்... அப்புறம் சரசரசரசரன்னு மழை பெய்யற மாதிரி அத்தனை வாயும் மெல்லுது! அவ அப்படியே தரையில உக்காந்து அழுதா.

சென்றாயன் தோட்டத்துப் பக்கம் போனான். இருட்டறதுக்குள்ள திரும்பி வந்தான், தலையில பெரிய தழைக்கட்டு. அதை எறக்கி வெச்சுட்டு, அவ முகத்தைப் பாக்காம, "மீதிக் கூரை அப்படியே கெடக்கே, நாளைக்கு இன்னொரு டப்பா வாங்கணும்"னான். பெங்களூருக்குப் போறவன் பேசற பேச்சா இது?

"..."

ம் கூட வரல. சரி, கதைக்கும் கண்ணு சொக்கிடுச்சு, தூங்கு.