பத்து முழத் தண்ணீர்

அல்லிக்குளத்தில் சிமிழி, முத்தன் என்ற இரண்டு முக்குளிப்பான் பறவைகள் ஒரே கூட்டில் குடித்தனம் நடத்தின. ஒத்துப்போகவே இல்லை. பொழுது விடிந்தால் சண்டை, பொழுது சாய்ந்தால் சண்டை. கடைசியில் முத்தன் வடகரைக்குப் போய்த் தனிக்கூடு கட்டிக்கொண்டான்.

பிரிந்ததில் தப்பில்லை. குளத்தில் மற்றவர்களின் காதாவது பிழைத்தது. ஆனால் பொட்டு என்று ஒரே ஒரு குஞ்சு இருந்ததே, அது யாருக்கு?

குளத்து வழக்குகளைத் தீர்த்துவைக்கும் ஆமையாரிடம் இருவரும் போனார்கள்.

"அடைகாத்தது நான்! குஞ்சு எனக்குத்தான்!" என்றாள் சிமிழி.

"நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? மீன் பிடிச்சு ஊட்டுனது யாரு?" என்று எகிறினான் முத்தன்.

ஆமையார் இருவரையும் ஒதுக்கிவிட்டுப் பொட்டுவிடம் தனியாகப் பேசினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"பத்து நாள் அம்மாகிட்ட, பத்து நாள் அப்பாகிட்ட. நடுப்பாறை ஓரத்துல ரெண்டு பேரும் ஒட்டி நின்னு, முதுகுலேர்ந்து முதுகுக்குக் குஞ்சை ஏத்திவிடணும். அதோட கால் தண்ணியில படக்கூடாது. ஆழமான இடம், ஜாக்கிரதை!"

முக்குளிப்பான் குஞ்சுகள் பெற்றவர்களின் முதுகில் ஏறித்தான் வளரும். ஆனால் சிமிழிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவனோடு ஒட்டி நிற்பதா? அவன் இறகு தன் மேல் படுவதா?

அன்று மாலையே ஒரு தண்ணீர்ப்பாம்பு நாணலுக்குள்ளிருந்து தலையை நீட்டியது.

"அநியாயம்மா இது! நீ அவன் பக்கத்துல போனா, பணிஞ்சு போனதா ஆயிடும். பாறைக்கு அஞ்சு முழம் முன்னாடியே நின்னுடு. வேணும்னா அவன் வரட்டுமே!"

அந்தப் பேச்சு சிமிழிக்கு இனித்தது. இந்தப் பாம்புக்கு நம் மேல் என்ன திடீர்க் கரிசனம் என்று அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கோபம் தலைக்கேறினால் யோசனை எங்கே வரும்?

பத்தாம் நாள் பொட்டுவைச் சுமந்துபோய்ப் பாறைக்கு ஐந்து முழம் முன்னாலேயே நின்றாள். அந்தப் பக்கம் முத்தனும் ஐந்து முழத்தில் நின்றான்.

"வாயேன்!"

"நீ வா!"

"நான் எதுக்கு வரணும்?"

ஆளுக்கு நாலு வீச்சு நீந்தினால் தீர்ந்தது. இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. "பொட்டு, இறங்கிப் போ!" என்றாள் சிமிழி. முட்டையிலிருந்து வந்து சில நாளே ஆன குஞ்சு, பத்து முழத் தண்ணீரை நடுங்கி நடுங்கித் தனியாகக் கடந்தது. அடுத்த பத்து நாள் கழித்து அதே மாதிரி திரும்பி வந்தது.

"அங்க என்ன சாப்பிட்டே? என்னைப் பத்தி என்ன சொன்னான்?" என்று குடைந்தாள் சிமிழி.

"அம்மா, அந்தப் பாம்பு மாமா அப்பாகிட்டயும் வந்து..."

"போதும்! அந்தக் கரைக் கதையே எனக்கு வேணாம்!"

பொட்டு இறகுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது.

மூன்றாம் தடவை பொட்டு பாதித் தண்ணீரில் இருக்கும்போது அடியிலிருந்து பாம்பு பாய்ந்து அதன் காலைக் கவ்வியது.

"அம்மா! அப்பா!"

இரண்டு பேரும் ஒரே மூச்சில் முக்குளித்தார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பாம்பைக் கொத்தினார்கள். வலி தாங்காமல் அது பொட்டுவை விட்டுவிட்டு ஓடியது. பொட்டுவின் இடதுகால் விரல் ஒன்று அதன் வாயோடு போய்விட்டது.

"பாவி! நீ வந்திருந்தா இப்படி ஆகுமா?" என்று சிமிழி அலறினாள்.

"நீ வந்திருந்தா?" என்று முத்தன் கத்தினான்.

"நிறுத்துங்க!"

பொட்டுதான் கத்தியது. அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு கோபம் இருக்குமென்று இருவருக்கும் தெரியாது.

"அஞ்சு முழத்துல நில்லுன்னு அப்பாகிட்டயும் அந்தப் பாம்புதான் சொல்லிச்சு! அதைச் சொல்ல வந்தேன், நீ கேட்டியாம்மா? இப்ப மட்டும் எப்படி ரெண்டு பேரும் ஒட்டி நிக்கிறீங்க? முதல்லயே இப்படி நின்னிருந்தா என் விரல் இருந்திருக்கும்ல!"

சிமிழி திரும்பிப் பார்த்தாள். முத்தனின் இறகு அவள் இறகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. முதல் தடவையாக அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அதற்குப் பிறகும் இருவரும் சேரவில்லை, பேசிக்கொள்ளவும் இல்லை. ஆனால் பத்து நாளைக்கு ஒரு முறை பாறையோரம் வந்து, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு, இறகோடு இறகு ஒட்டி நிற்பார்கள். நொண்டிக் காலோடு பொட்டு ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்கு ஏறும்.

கணவனும் மனைவியும் பிரிந்து போகலாம், ஆனால் தங்கள் வீம்புக்கு நடுவே பெற்ற பிள்ளையைத் தனியாக நீந்தவிடக் கூடாது.