ராஜாவின் தலைக்கு ஒரு சும்மாடு

ரொம்பக் காலத்துக்கு முந்தி தென்கரை நாட்டை மதங்கவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவன் கோட்டை வாசலில் மாரிக்கொழுந்து கயிற்றுக் கடை வைத்திருந்தாள். "எதற்குக் கயிறு?" என்று கேட்காமல் ஒரு முழம் அறுக்க மாட்டாள். கன்றுக்குட்டி கட்ட வந்தவனிடம் தேர்வடம் விற்க மாட்டாள். தன்னிடம் இல்லாததற்கு எதிர்க்கடையைக் கை காட்டுவாள். கூட்டம் அவளிடமே மொய்த்தது.

சந்தை அதிகாரி வல்லபராயருக்குப் பொறுக்கவில்லை. அந்த இடத்தில் மைத்துனனை உட்கார்த்த வேண்டும் அவருக்கு. "வந்த ஆளை அடுத்த கடைக்குத் துரத்துகிறாள், பிரபு! வியாபாரமே தெரியாதவள்" என்று வத்தி வைத்தார்.

ராஜா இருவரையும் அழைத்தான். "நாளைக்குச் சபையில் எனக்கு எதையாவது விற்றுக் காட்டுங்கள். யாரிடம் வாங்குகிறேனோ அவருக்கே கடை."

மாரிக்கொழுந்துக்கு அந்தக் கடைதான் பிழைப்பு. கடை போனால் சோறு போச்சு. ஆனாலும் பின்வாங்குகிறவள் இல்லை.

மறுநாள் ராயர் சபையைச் சரக்கால் நிறைத்தார். "பிரபு, சீனத்துப் பட்டு!"

"இருக்கிறது."

"இந்தப் பன்னீர்..."

"அதுவும் இருக்கிறது, ஐயா. வாயை மூடும்!"

மாரிக்கொழுந்து வெறுங்கையோடு நின்றாள்.

"நீ என்ன கொண்டு வந்தாய்?"

"என்ன வேண்டுமென்று கேட்காமல் எதைக் கொண்டு வர, மகாராஜா?"

சபை சிரித்தது.

"எனக்கு ஒன்றும் வேண்டாம்!" என்று சீறிய ராஜா, மகுடத்தை ஒரு விரலால் மேலே தள்ளினான். சற்றுப் பொறுத்து மறுபடி தள்ளினான். அவள் கண் அங்கேயே நின்றது.

"மகுடம் எங்கே அழுத்துகிறது, மகாராஜா?"

சபைக்கு மூச்சு நின்றது. அது பாட்டன் காலத்து மகுடம். அதைக் குறை சொன்னால் அந்த நாட்டில் சிறை.

ராஜாவின் குரல் இறங்கியது. "நெற்றியில். இரண்டு பக்கமும். பட்டமேறிய நாளிலிருந்து."

இடுப்பில் செருகியிருந்த துணியை உருவினாள். முறுக்கினாள், வளையமாகச் சுற்றினாள்.

"சும்மாடா!" ராயர் குதித்தார். "மூட்டை தூக்குகிறவன் வைப்பதை ராஜா தலையிலா?"

"மகுடத்தைத் தூக்குகிறவரும் அவர்தானே, ஐயா. நீங்களா தூக்குகிறீர்கள்?"

ராஜா சும்மாட்டை வைத்து, மேலே மகுடத்தை அமர்த்தினான். கண் தானாக மூடியது. "அடடா! வாங்கிக்கொண்டேன். கடை உன்னுடையது." கண்ணைத் திறந்தான். "ராயரே, இனி கருவூலத்திலிருந்து மகுடப் பேழையைத் தினமும் நீரே தலையில் சுமந்து வாரும்."

இரண்டே நாளில் ராயர் கயிற்றுக் கடை வாசலில் நின்றார், கழுத்தைத் திருப்ப முடியாமல்.

"சும்மாடு கொடுக்காதே, கொழுந்து! நன்றாய் அனுபவிக்கட்டும்" என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள்.

"வேலையைப் பாருங்கள்" என்று அவர்களை அதட்டிவிட்டு, மணையை எடுத்துப் போட்டாள்.

"உட்காருங்கள், ஐயா. பேழையின் அடி தட்டையா, உருண்டையா?"